கச்சத்தீவின் அந்தோணியார் கோவில்

கச்சத்தீவு என்றவுடன் அஃது எந்நாட்டிற்குரியது என்னும் வழக்கே நம்மவர் நாவில் முதற்கண் எழுகின்றது. அங்குள்ள சிறு கோவிலின் வரலாற்றை வினவுவார் மிகச் சிலரே.

இராமேசுவரத்திற்கு வடகிழக்கே பாக்கு நீரிணையில் உள்ள அத்தீவின் பரப்பு ஏறக்குறைய 285 ஏக்கர். குடிக்க நீரில்லை, ஆதலின் குடிகளுமில்லை. இருகரை மீனவரும் வலையுலர்த்திக் களைப்பாற ஒதுங்கிய இடம் அது. அங்கே கடலிற் செல்வார்க்குக் காவலரென நம்பப்படும் அர்ச். அந்தோணியாருக்கு 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கோவிலெழுப்பியவர் அரசருமல்லர், மேற்றிராணியாருமல்லர். தொண்டியை அடுத்த நம்புதாளையிலிருந்து கடலோடிய சீனிக்குப்பன் படையாச்சி என்பர்.

1974-இல் இந்திய, இலங்கை அரசுகள் எல்லை வகுத்தபோது தீவு இலங்கையின் பாற்பட்டது. ஆயினும் யாத்திரிகர் முன்போலவே போய்வரலாமென்றும், அவர்பாற் பிரயாணப் பத்திரமோ விசாவோ கேட்கலாகாதென்றும் உடன்படிக்கையின் 5-ஆம் பிரிவில் எழுதினர். ஏழை மீனவரின் வழிபாட்டு வழக்கம் இரண்டு இராச்சியங்களின் எழுத்தில் ஏறியது சிறு காரியமன்று. போர்க்காலத்தில் தடைப்பட்ட திருவிழா 2010-இல் மீண்டும் நடந்தது. இலங்கைக் கடற்படையார் கட்டிய புதிய கோவில் 2016 திசம்பரில் மந்திரிக்கப்பட்டது.

2024 பிப்ரவரியில் இராமேசுவரம் மீனவர், தம்மவர் சிறைப்பட்டமையைக் கண்டித்துத் திருவிழாவிற்குச் செல்லாதொழிந்தனர். அவர் துயரம் மெய்யே. படகு பறிபோனவன் வீட்டில் அடுப்பெரிவது எவ்வாறு? எனினும் அம்முடிவு நன்றன்றென்பதே எம் கருத்து. யாழ்ப்பாணத்து மீனவரும் நம்மீது வழக்குடையர். நம் விசைப்படகுகளின் இழுவைமடி கடலடியை வாரித் துடைத்து, தம் வலைகளையும் அறுக்கின்றதென்பது அவர் முறையீடு. இலங்கை 2017-இல் அம்மடியைச் சட்டத்தால் விலக்கியது. இம்முறையீட்டைப் பொய்யென்று தள்ள நம்மாலியலுமா? இவ்விரு திறத்தாரும் வலையை ஒதுக்கிவைத்து, பெண்டு பிள்ளைகளோடு சிலுவைப்பாதை நடந்து, ஒரே மொழியிற் செபஞ்சொல்லும் நாள் இத்திருவிழாவே. அதனை விலக்குதலால் அதிகாரிகளுக்கு யாதொரு நட்டமுமில்லை. எதிர்க்கரையானோடு பேசும் வாயிலே அடைபடும்.

திருவிழாப் பூசை முடிந்து படகேறுமுன், இருகரைச் சங்கத் தலைவரும் கோவில் முற்றத்தில் ஒரு நாழிகை அமரட்டும். எந்த மடி, எந்தக் கடலில், எத்தனை நாள் என்பதை அவர்களே பேசட்டும். நடுநிற்க இருநாட்டுக் குருக்களும் அங்குளர். மொழிபெயர்ப்பார் ஒருவரும் வேண்டுவதில்லை.