முதலில் ஃபில்டர் அறையைத் திறங்கள்

பூட்டிக் கிடந்த நீச்சல் குளத்தைப் புதுப்பிக்கப் போகிறோம் என்று ஒரு நகராட்சியோ கல்லூரியோ அறிவித்தால், எஸ்டிமேட்டின் முதல் வரியில் டைல்ஸ் இருக்கும். அடுத்து பெயிண்ட், சுற்றுச்சுவர், உடை மாற்றும் அறை, நுழைவாயில் வளைவு. ஃபில்டர் கடைசிப் பக்கத்தில், ‘இதர பழுதுகள்’ என்ற தலைப்புக்குள் வரும். கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் நீச்சல் குளங்களின் மோட்டாரையும் ஃபில்டரையும் பழுது பார்ப்பதுதான் என் தொழில். இந்த வரிசைப்படி புதுப்பித்த குளம் ஒரு கோடை முழுக்கத் தாங்கி நான் பார்த்ததில்லை. திறப்பு விழா அன்று தெளிந்திருக்கும் தண்ணீர் சில வாரங்களில் கலங்கும். பிறகு பச்சை பிடிக்கும். அதற்குப் பிறகு ‘பராமரிப்புப் பணிக்காக மூடப்பட்டுள்ளது’ என்ற பலகை வாசலுக்கு வந்துவிடும்.

நான் கேட்பது இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும் என்பதைத்தான். புதுப்பிக்கும் வேலை ஃபில்டர் அறையில் தொடங்கட்டும். அங்கே எல்லாம் சரியாகி, அதை ஓட்டத் தெரிந்த ஓர் ஆளையும் அமர்த்திய பிறகு டைல்ஸுக்குப் பணம் ஒதுக்கலாம்.

நீச்சல் குளத்துத் தண்ணீர் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியது. 25 மீட்டர் நீளம், 12.5 மீட்டர் அகலம், சராசரியாக 1.4 மீட்டர் ஆழம் உள்ள குளம் ஏறக்குறைய 4,37,000 லிட்டர் பிடிக்கும். குளத்தின் அடியிலிருந்தும் ஓரத்திலிருந்தும் மோட்டார் அந்தத் தண்ணீரை இழுக்கிறது. மணல் நிரப்பிய தொட்டிக்குள் மேலிருந்து கீழாகச் செலுத்தி, மறுபடி குளத்துக்கே அனுப்புகிறது. ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, ஊறிவரும் தெளிந்த நீரைக் குடத்தில் மொண்டு வந்த தலைமுறைக்கு இதை விளக்கத் தேவையில்லை. சென்னைக்குக் குடிநீர் தர 1914-இல் கீழ்ப்பாக்கத்தில் அமைந்த நிலையமும் மணல் வடிகட்டிகளைக் கொண்டுதான் இயங்கியது.

பொதுமக்கள் குளிக்கும் குளத்தில் முழுத் தண்ணீரும் 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒரு முறை ஃபில்டரைக் கடக்க வேண்டும். ஒரு சுற்று ஓடினால் போதும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். ஆனால் ஃபில்டரிலிருந்து வெளியே வரும் நல்ல தண்ணீர் மிச்சமுள்ள அழுக்குத் தண்ணீரோடுதான் போய்க் கலக்கிறது. கணக்குப் பார்த்தால் முதல் சுற்றில் 63 சதவீதத் தண்ணீர்தான் மணலைக் கடந்திருக்கும். இரண்டாவது சுற்றில் 86, மூன்றாவதில் 95, நான்காவதில் 98. கரண்ட் பில்லை மிச்சப்படுத்தக் காலையில் ஒரு மணி நேரம் மட்டும் மோட்டார் போடும் குளத்தில் முதல் சுற்றே முடிவதில்லை. அந்தத் தண்ணீரில்தான் நம் பிள்ளைகள் முகத்தை அமிழ்த்துகிறார்கள்.

பல வருடம் மூடிக் கிடந்த ஒரு பொதுக் குளத்தின் ஃபில்டரைத் திறந்தபோது கண்டதைச் சொல்கிறேன். மோட்டார் ஓடாமல் நிற்கும்போதே பிரஷர் கேஜின் முள் 20-ஐக் காட்டிக்கொண்டிருந்தது. அது செத்து வெகு காலமாகியிருக்க வேண்டும். துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு எண்ணெய் விட்டு ஊறவைத்துத்தான் மூடியைக் கழற்ற முடிந்தது. உள்ளே மேல்பரப்பில் விரல் கனத்துக்குக் கறுப்பு வழுவழுப்பு, அதில் சுருண்டு கிடந்த தலைமுடி, பிளாஸ்திரித் துண்டுகள். அதற்குக் கீழே மணல் மணலாக இல்லை. எங்கள் பக்கத்து போர் தண்ணீரின் சுண்ணாம்பு ஏறி இறுகிப் பாறையாகக் கிடந்தது. கடப்பாரையால் நெம்பிக் கட்டி கட்டியாகத்தான் எடுத்தோம். தொட்டியின் ஓரமாக ஒரு பிளவு. அந்தச் சந்து வழியாகத்தான் தண்ணீர் மணலைத் தொடாமல் இறங்கிப் போயிருக்கிறது. அடியில் விரிந்திருக்கும் லேட்டரல் குழாய்கள் சில உடைந்திருந்தன. குளத்தின் தரையில் மணல் திட்டுகள் எப்படி வந்தன என்பதற்கு அங்கே பதில் கிடைத்தது. யாரோ இடையில் மணல் குறைகிறது என்று கட்டட வேலைக்கு வாங்கிய ஆற்று மணலைக் கொட்டியிருந்தார்கள். அதன் களிமண்தான் மற்றதையும் சேர்த்து இறுக்கியிருக்கிறது.

கடைசியாக மல்டிபோர்ட் வால்வைக் கழற்றினேன். ஃபில்டர், பேக்வாஷ் (தண்ணீரைத் திருப்பி ஓட்டி மணலைக் கழுவுவது), ரின்ஸ், வேஸ்ட் என்று தண்ணீரின் வழியை மாற்றும் கைப்பிடி வால்வு அது. உள்ளே ஆரங்களுடன் சக்கரம் மாதிரி ஒரு ரப்பர் கேஸ்கெட் இருக்கும். அது பள்ளத்திலிருந்து பிதுங்கி மடிந்து கிடந்தது. அது மடிந்தால் ஒரு பங்கு தண்ணீர் மணல் பக்கமே போகாமல் நேராகக் குளத்துக்குத் திரும்பும். மோட்டார் ஓடும்போதே கைப்பிடியைத் திருப்பினால் இப்படித்தான் ஆகும். மோட்டாரை நிறுத்திவிட்டுத் திருப்ப வேண்டும் என்ற ஒரே ஒரு விஷயத்தை அங்கே இருந்த காவலாளிக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதே வளாகத்தில் புது நடைபாதையும் வண்ண விளக்குகளும் போடப்பட்டிருந்தன. அந்தச் செலவில் ஒரு சிறு பங்கு இந்த அறைக்கு வந்திருந்தால் குளம் மூடியே இருந்திருக்காது.

பழுது பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. அவசரப்பட்டுக் குளத்தை வற்றவைக்கக் கூடாது. வடகிழக்குப் பருவமழை முடிந்து நிலத்தடி நீர் மேலே நிற்கும் மாதங்களில் காலியான குளத்தை அடியிலிருந்து நீர் தூக்கும். தரை விரிசல் விடும், சில சமயம் கட்டுமானமே மேலெழும்பும். நிலத்தடி நீர் இறங்கிய பிறகே வற்றவைக்க வேண்டும், அதுவும் அடித்தளத்தில் அழுத்தம் விடுவிக்கும் வால்வு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு. அடுத்து குழாய்களுக்குப் பிரஷர் டெஸ்ட். மண்ணுக்குள் ஒழுகும் குழாய் மேல் டைல்ஸ் ஒட்டிவிட்டால், பிறகு அதை உடைத்துத்தான் குழாயைத் தேட வேண்டியிருக்கும். மோட்டாரில் மெக்கானிக்கல் சீல், இம்பெல்லர், முன்பக்கக் கூடையின் மூடியில் உள்ள ஓ ரிங் மூன்றையும் பார்க்க வேண்டும். ஓ ரிங் காய்ந்து வெடித்திருந்தால் மோட்டார் தண்ணீரோடு காற்றையும் இழுக்கும், ஃபில்டருக்கு வேகம் கிடைக்காது.

ஃபில்டரில் பழைய மணலை முழுக்க எடுத்துவிட வேண்டும். லேட்டரல்களை மாற்றிய பிறகு தொட்டியில் பாதிக்குத் தண்ணீர் நிரப்பிக்கொண்டு கூழாங்கல்லையும் மணலையும் மெதுவாகப் போட வேண்டும். வெறும் தொட்டியில் மூட்டையைக் கவிழ்த்தால் புது லேட்டரலும் உடையும். சலித்துத் தரம் பிரித்த சிலிக்கா மணல்தான் வேண்டும், தயாரிப்பாளர் சொல்லும் அளவில். பெரும்பாலும் 0.4 முதல் 0.8 மில்லிமீட்டர். பிறகு பேக்வாஷ், பார்வைக் கண்ணாடியில் தண்ணீர் தெளியும் வரை. பிறகு ரின்ஸ். அதன் பிறகே ஃபில்டர் நிலை. அப்போது கேஜ் காட்டும் அழுத்தத்தைத் தொட்டி மேலேயே மார்க்கரால் எழுதிவைக்கச் சொல்வேன். அந்த எண்ணிலிருந்து 8 முதல் 10 பிஎஸ்ஐ ஏறினால் பேக்வாஷ் செய்யும் நேரம் வந்துவிட்டது. இவ்வளவுதான் ரகசியம். இதைக் கடைப்பிடித்தால் மணல் 5 முதல் 7 வருடம் உழைக்கும்.

குளத்தின் அடியில் தண்ணீர் உறிஞ்சும் வாயின் மூடியையும் இங்கேயே சொல்ல வேண்டும். அது உடைந்தோ காணாமலோ போயிருந்தால், குளத்தில் ஒருவரும் இறங்கக் கூடாது. அமெரிக்காவில் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் 7 வயதுப் பேத்தி 2002-இல் நீர் உறிஞ்சும் வாயில் சிக்கித்தான் இறந்தாள். அவள் பெயராலேயே அந்த நாட்டில் 2007-இல் சட்டம் வந்தது. நம் குளங்களில் பல இடங்களில் அந்த மூடியைக் கம்பியால் கட்டி வைத்திருக்கிறார்கள்.

ஃபில்டர் வேலை செய்யாத குளத்தில் எல்லாச் சுமையும் குளோரின் தலையில் விழுகிறது. கலங்கிய தண்ணீரில் வாளி வாளியாக பிளீச்சிங் பவுடரைக் கொட்டுவதால் பயன் குறைவு. அழுக்கே குளோரினைத் தின்றுவிடும். பிளீச்சிங் பவுடர் தண்ணீரின் பிஹெச் அளவையும் ஏற்றிவிடும். பிஹெச் 7.2 இருக்கும்போது குளோரினில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கிருமியைக் கொல்லும் நிலையில் இருக்கும். 8-ஐத் தொட்டால் நான்கில் ஒரு பங்குதான். கண் எரிகிறது, மூக்கைத் துளைக்கிறது, குளோரின் அதிகம் என்று பெற்றோர் சொல்கிறார்கள். பெரும்பாலும் உண்மை நேர்மாறானது. வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்த குளோரினின் வாடைதான் அது, நல்ல குளோரின் தீர்ந்துபோனதன் அடையாளம். கேரளத்தில் 2024-இல் மூளையைத் தாக்கும் அமீபாவால் குழந்தைகள் இறந்த செய்தியை நாம் எல்லோரும் படித்தோம். வெதுவெதுப்பான நன்னீரில் வளர்ந்து மூக்கு வழியாக ஏறும் அந்த உயிரி, சரியாக வடிகட்டி, சரியான அளவில் குளோரின் வைத்திருக்கும் குளத்தில் பிழைக்காது. குளங்களை மூடிவைப்பதே பாதுகாப்பு என்று கருதிப் பிள்ளைகளைத் தேங்கிய குட்டைகளுக்கு அனுப்புவதுதான் ஆபத்து.

குடிக்கவே தண்ணீர் இல்லாத ஊரில் நீச்சல் குளம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஃபில்டர் ஓடாத குளம் உண்மையிலேயே தண்ணீரை விழுங்குகிறது. பச்சை பிடித்ததும் திறந்துவிட்டு மறுபடி நிரப்புகிறார்கள். மேலே கணக்குப் போட்ட 25 மீட்டர் குளத்தை ஒரு முறை நிரப்ப 12,000 லிட்டர் லாரி 36 நடைக்கு மேல் வேண்டும். ஃபில்டர் ஒழுங்காக ஓடினால் அதே தண்ணீரை வருடக்கணக்கில் வைத்திருக்கலாம். பேக்வாஷில் போவதையும் வெயிலில் வற்றுவதையும் ஈடுகட்டினால் போதும். ஆகவே தண்ணீர் மேல் அக்கறை உள்ளவர்கள் கேட்க வேண்டியது குளத்தை மூடு என்பதை அல்ல, ஃபில்டரைச் சரிசெய் என்பதைத்தான்.

மணலும் வால்வும் கடையில் கிடைக்கும். கிடைக்காதது ஆபரேட்டர். பெரும்பாலான இடங்களில் காவலாளியோ தோட்டக்காரரோதான் மோட்டார் சுவிட்சைப் போடுகிறார். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். யாரும் கற்றுத் தராத வேலையை, கையுறைகூட இல்லாமல் செய்கிறார்கள். ஒருவகைக் குளோரினை இன்னொரு வகையோடு கலந்தால் தீப்பிடிக்கும், ஆசிடோடு கலந்தால் விஷவாயு கிளம்பும் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. நமக்குத் தொழிற்பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. அங்கே படித்த ஒரு பம்ப் மெக்கானிக்குக்குச் சில நாள் பயிற்சி கொடுத்தால் இந்த வேலையைக் கற்றுக்கொள்வார். அவருக்கு மாதச் சம்பளம், ஒரு டெஸ்ட் கிட், ஒரு நோட்டு. காலையும் மாலையும் அழுத்தம், குளோரின், பிஹெச் மூன்றையும் அதில் எழுத வேண்டும். அந்த எண்களை வாசல் பலகையிலும் எழுத வேண்டும். டிக்கெட் வாங்குபவருக்கு அதைப் பார்க்கும் உரிமை உண்டு. புதுப்பிக்கும் பணத்திலிருந்து தனியாக, ஒவ்வொரு வருடமும் பராமரிப்புக்கு நிதி ஒதுக்குவதும் கட்டாயமாக வேண்டும். கட்டுவதற்கு நிதி வருகிறது, ஓட்டுவதற்கு வருவதில்லை. நம் பொதுக் குளங்கள் சாவது அங்கேதான்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-இல் மட்டும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். பத்தில் ஒன்பது பேர் நம் போன்ற நாடுகளில். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுங்கள் என்பது அந்த நிறுவனம் சொல்லும் முக்கிய வழிகளில் ஒன்று. எங்கே கற்றுக்கொடுப்பது? கோடை விடுமுறை வந்தால் பாழுங்கிணறு, கல்குவாரி, தடுப்பணை என்று செய்திகள் வருகின்றன. அங்கே குளிக்காதே என்று பலகை வைக்கிறோம். பதிலுக்கு ஊருக்குள் ஒரு நல்ல குளத்தைத் திறந்து வைப்பதில்லை. சிறுவனாக இருந்தபோதே, 1994-இல் ஒரே ஆண்டில் ஆறு கடல் கால்வாய்களை நீந்திக் கடந்த குற்றாலீஸ்வரன் பிறந்த மண் இது. சாதிக்கப் பிள்ளைகள் இருக்கிறார்கள். சாதனைகூட வேண்டாம், கிணற்றில் தவறி விழுந்தால் கரை சேரத் தெரிந்திருந்தால் போதும் என்பதே என் ஆசை. தனியார் கிளப்புக்குக் கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைக்கு, முக்கியமாகப் பெண் பிள்ளைக்கு, நகராட்சிக் குளத்தை விட்டால் வேறு இடம் இல்லை.

உங்கள் ஊர்க் குளம் மூடிக் கிடந்தால், வார்டு உறுப்பினரிடம் எஸ்டிமேட்டைக் காட்டச் சொல்லுங்கள். அதில் ஃபில்டர், மோட்டார், குழாய் முதல் பக்கத்தில் இருக்கின்றனவா, ஆபரேட்டர் சம்பளத்துக்குத் தனித் தொகை இருக்கிறதா என்று பாருங்கள். திறந்திருக்கும் குளமானால், பிள்ளையை இறக்கிவிடும் முன் இரண்டே கேள்வி கேளுங்கள்: இன்று குளோரினும் பிஹெச்சும் எவ்வளவு, கடைசியாக எப்போது பேக்வாஷ் செய்தீர்கள்? பதில் உடனே வந்தால் தைரியமாகப் பிள்ளையை இறக்குங்கள். வராவிட்டால் ஃபில்டர் அறையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அது உங்கள் வரிப்பணத்தில் கட்டியது. கேட்பது உங்கள் உரிமை.