காட்டுப்பள்ளி துறைமுக விரிவாக்கம்: கடலுக்குள் சுவர் கட்டினால் கரை ஏன் தேய்கிறது?

மெரினா ஏன் இவ்வளவு அகலம் தெரியுமா? சென்னைத் துறைமுகம்தான் காரணம். 1870-களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் அலைதடுப்புச் சுவர் கட்டத் தொடங்கினார்கள். 1881 புயல் அதை உடைத்துப் போட்டது, திரும்பக் கட்டினார்கள். சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம், கடல் கரையைத் தின்ன ஆரம்பித்தது.

விஷயம் சிம்பிள். நம்ம கரையில் மணல் ஒரே இடத்தில் கிடப்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் அலைகள் அதை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பும். வருடக் கணக்கில் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். குறுக்கே சுவர் நின்றால் அந்த மணல் தெற்கிலேயே தங்கிவிடும். வடக்கே அலை வழக்கம்போல அள்ளிக்கொண்டே இருக்கும், ஆனால் ஈடுகட்டப் புது மணல் வராது.

சரி, கல் கொட்டினால்? கல்லுக்குப் பின்னால் இருக்கும் வீடும் ரோடும் தப்பிக்கும். அரிப்பு அடுத்த குப்பத்துக்கு நகரும். வட சென்னையில் கல் சுவரும் தூண்டில் வளைவுமாக வடக்கே நீண்டுகொண்டே போனது இப்படித்தான்.

இப்போ காட்டுப்பள்ளிக்கு வருவோம். எல் அண்ட் டி-யிடமிருந்து 2018-இல் அதானி குழுமம் வாங்கிய துறைமுகம் இது. சுமார் 330 ஏக்கரில் இருப்பதை 6,110 ஏக்கராக்குவது விரிவாக்கத் திட்டம். அதில் ஏறக்குறைய 2,000 ஏக்கர் கடலைத் தூர்த்து எடுக்க வேண்டியது. 2021-இலும் 2023-இலும் அறிவிக்கப்பட்ட பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டங்கள் தள்ளிவைக்கப்பட்டன.

விவாதம் பெரும்பாலும் அந்த 6,110 ஏக்கரைச் சுற்றியே நடக்கிறது. நான் பார்க்கச் சொல்வது அந்த வேலிக்கு வடக்கே. அங்கேதான் பழவேற்காடு ஏரி, கடலோடு சேரும் முகத்துவாரம், அதை நம்பியிருக்கும் மீனவர்கள். ஏற்கெனவே முகத்துவாரம் மணல் மூடி, படகு கடலுக்குப் போக முடியாமல் அவர்கள் தவிப்பது உண்டு. இந்த நிலையில் தெற்கிலிருந்து வரும் மணலின் கணக்கை மாற்றுவது சின்ன விஷயமில்லை.

வழியே இல்லையா என்றால், ஒன்று இருக்கிறது. விசாகப்பட்டினத்தில் துறைமுகம் தூர்வாரும் மணலை நகரக் கடற்கரையில் கொட்டுகிறார்கள். ஆனால் அது ஒருமுறை செய்து முடிக்கிற வேலை இல்லை. சுவர் நிற்கும்வரை செய்யணும். காட்டுப்பள்ளியில் அந்தச் செலவு யாருடையது, எத்தனை வருடத்துக்கு? கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தால் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.