தேர்வுக்கு ஒரு கூடம்

சென்ற இரண்டு திங்களாக இப்பகுதிக்கு வந்த கடிதங்களுட் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியன. "பாடத்தை இணையத்தில் இலவசமாக நடத்துகிறார்கள். பிள்ளையும் வீட்டிலிருந்தே படித்து முடித்துவிட்டது. பிறகு தேர்வுக்கு மட்டும் ஆயிரம் ரூபாய் கட்டி, ஊரின் மறு கோடிக்குப் போய் எழுதி வா என்பது என்ன நியாயம்?" என்று பெற்றோர் வினவுகின்றனர். ஒக்கலிபுரத்திலும் ஸ்ரீராமபுரத்திலும் உள்ள அன்பர் சிலர் நம்மை நேரிற் கண்டும் கேட்டனர். கேள்வியில் வருத்தம் இருக்கிறது, அவ்வருத்தம் பொய்யன்று. வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் சென்று, பிள்ளையைப் பொறியியற் கல்லூரியில் சேர்த்திருக்கும் குடும்பத்திற்கு ஆயிரம் ரூபாய் என்பது ஒரு வாரத்து மளிகை. ஆயினும் தேர்வே வேண்டாமென்று சொல்ல நம் மனம் இசையவில்லை. ஏன் என்பதை இத்திங்கள் சற்று விரிவாகவே எழுதக் கருதுகிறோம்.

முதலில் விவரம் அறியாத பெற்றோர்க்காகச் சில சொற்கள். ஐ.ஐ.டி.க்கள் ஏழும் நம் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து தொடங்கிய என்.பி.டி.இ.எல். என்னும் திட்டம், பேராசிரியர்களின் விரிவுரைகளைப் படம்பிடித்து எவரும் காணும்படி வெளியிட்டு வருகிறது. மத்திய அரசின் 'சுவயம்' என்னும் தளம் 2017 ஜூலை 9ஆம் நாள் அன்றைய குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜியால் தொடங்கி வைக்கப்பட்டது. இத்தகைய பாடங்களைக் கல்லூரிப் படிப்பின் மதிப்புப் புள்ளிகளாக (பிள்ளைகள் 'கிரெடிட்' என்று சொல்வது இதைத்தான்) ஏற்றுக்கொள்ளலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2016இல் விதி செய்தது. அப்போது ஒரு பருவத்துப் பாடங்களில் நூற்றுக்கு 20 வரை என்றிருந்த வரம்பு, 2021இல் 40 ஆயிற்று. கருநாடகத்துப் பொறியியற் கல்லூரிகள் பலவும் சார்ந்துள்ள விசுவேசுவரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் தன் 2022ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில், இறுதிப் பருவத்து விருப்பப் பாடங்களை இவ்வழியே பயிலுமாறு வகுத்துள்ளது. ஆகவே இது ஓய்ந்த வேளையில் பார்த்து மகிழும் காரியம் அன்று. பட்டத்தோடு பிணைந்துவிட்ட காரியம்.

மதிப்பெண் இடும் முறை இது: வாரந்தோறும் வீட்டிலிருந்தே செய்து அனுப்பும் பயிற்சிகளுக்கு 25, நேரில் சென்று எழுதும் தேர்வுக்கு 75. பயிற்சியில் 25க்கு 10ம், தேர்வில் 75க்கு 30ம் தனித்தனியே எடுத்தாக வேண்டும். பயிற்சியில் 25க்கு 25 பெற்றவன் தேர்வில் 29 மட்டும் எடுத்தால், கூட்டுத்தொகை 54 ஆயினும் அவனுக்குச் சான்றிதழ் இல்லை. இதைக் கொடுமை என்று ஒரு தந்தையார் எழுதியிருக்கிறார். நாம் அவ்வாறு எண்ணவில்லை. அந்த வாரப் பயிற்சிகளின் விடைகள் கெடு முடியுமுன்னரே யூடியூபிலும் டெலிகிராமிலும் உலா வருவதைத் தந்தையார் அறியார்; மகன் அறிவான்.

இனி, நாம் சொல்ல வந்ததற்கு வருவோம். காவல் இல்லாமல் தேர்வு நடந்தால் யாருக்கு நட்டம்? ஏமாற்றி எழுதியவனுக்கு நட்டமில்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கும் பெரிய நட்டமில்லை. அவனுக்காகப் பரிந்து பேச மாமா ஒருவர் ஏதேனும் ஒரு கம்பெனியில் இருப்பார், அல்லது கல்லூரியின் பெயரே பேசும். நம் பிள்ளைகளின் நிலை வேறு. ஆம்பூரிலிருந்தும் திருப்பத்தூரிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் வந்து, ரயில் பாதையை ஒட்டிய சந்துகளிற் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள். வேலை கேட்டுப் போகுமிடத்தில் அவர்களை அறிந்தவர் எவரும் இலர். தெருவின் பெயரைச் சொன்னால் முகத்தைச் சுளிப்பவரும் உளர். அப்பிள்ளைகளுக்கு இருக்கும் ஒரே சிபாரிசு, 'இவன் பிறர் கண்ணெதிரே அமர்ந்து, பிறர் துணையின்றி இம்மதிப்பெண்ணைப் பெற்றான்' என்று சொல்லும் ஒரு தாள்தான். இன்று அத்தாளிற் கியூ.ஆர். குறியும் அச்சிடப்படுகிறது. வேலை கொடுப்பவர் கைப்பேசியைக் காட்டி, அது மெய்யானதா என்று அக்கணமே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் தாள் மெய்யாயிருந்து, தேர்வு பொய்யாயிருந்தால் அக்குறியால் என்ன பயன்? 'இணையத்தில் வாங்கியதுதானே' என்று ஒரு தடவை பெயர் கெட்டுவிட்டால், இரவெல்லாம் விழித்துப் படித்தவளின் தாளும் அதே குப்பையில்தான் விழும்.

படிப்பது ஓரிடம், தேர்வு வேறிடம் என்பதும் இன்று புதிதாக வந்த ஏற்பாடன்று. இலண்டன் பல்கலைக்கழகம் 1858ஆம் ஆண்டுச் சாசனத்தின்படி, எங்கே பயின்றவராயினும் தேர்வுக்கு வரலாம் என்று வாயிலைத் திறந்தது. 1865இல் மொரீஷியஸ் தீவிலேயே அதன் தேர்வு நடந்தது. அதே இலண்டனை மாதிரியாகக் கொண்டு 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகமும் தொடக்கத்தில் பாடம் நடத்தும் இடமாக இல்லை. கல்லூரிகள் கற்பித்தன, பல்கலைக்கழகம் தேர்வு வைத்துப் பட்டம் அளித்தது. கற்பித்தவர் கையில் அளவுகோலைக் கொடுக்காமல், அறியாதவர் ஒருவர் அளந்து சொல்வதில் ஒரு நம்பிக்கை அன்றே இருந்தது. மெட்ரிக்குலேஷனோடு நின்றுவிட்ட நமக்கும் அந்த நம்பிக்கைதான் சோறு போடுகிறது. ரயில்வேயில் நம்மைச் சேர்த்தவர் எவரும் நம்மை முன்பின் அறிந்தவரல்லர்.

நிற்க. மேற்பார்வை வேண்டும் என்று சொன்னவுடன், 'அப்படியானால் வீட்டிலேயே காமிராவை வைத்துப் பார்த்துக்கொள்ளட்டுமே, பயணமாவது மிச்சம்' என்று சிலர் கூறுகின்றனர். இதை நாம் வன்மையாக மறுக்கிறோம்.

கொரோனாக் காலத்தில் இதைக் கண்ணாரக் கண்டோம். 2021இல் நம் தெருவிலேயே ஒரு பையன் தன் பருவத் தேர்வை வீட்டிலிருந்து எழுதினான். வீடு என்பது பத்துக்குப் பத்து அடி அறை ஒன்று, அதில் ஐவர். தேர்வு நேரம் முழுதும் தாயும் தங்கைமார் இருவரும் வெளியே படிக்கட்டில் அமர்ந்திருந்தனர். தந்தை இரவு வேலை முடிந்து வந்தவர், படுக்க இடமின்றிச் சாலையோரத் திண்ணையிற் கண்ணயர்ந்தார். பத்து நிமிடத்திற்கு ஒரு வண்டி கூவிக்கொண்டு போகும் இடம் இது. மேல்வீட்டில் குழந்தை அழும். பக்கத்தில் மிக்ஸி ஓடும். கணினி ஒவ்வொரு முறையும் 'வேறு குரல் கேட்கிறது' என்று எச்சரித்தது. முடிவு வந்த நாளில் அவன் பெயருக்கு எதிரே மதிப்பெண் இல்லை, நிறுத்திவைக்கப்பட்டுள்ளது என்றிருந்தது. "என் பிள்ளை என்ன திருடினான்னு யாராவது சொல்லுங்களேன், சார்" என்று அத்தாய் நம்மிடம் கேட்டார். சொல்லத்தான் எவரும் இல்லை. மனிதர் ஒருவர் கண்காணித்திருந்தால் காரணம் கேட்கலாம். 'ரயில் சத்தம் ஐயா' என்று அப்போதே சொல்லியும் இருக்கலாம். இரண்டு திங்கள் கழித்துத் தேர்ச்சி என்று வந்தது. அதற்குள் ஒரு கம்பெனியின் நேர்காணல் வந்து போய்விட்டது.

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமன்று. அண்ணா பல்கலைக்கழகம் 2020 நவம்பர்–டிசம்பர் பருவத் தேர்வுகளை 2021 பிப்ரவரியில் இணையவழியே, கணினியின் கண்காணிப்பில் நடத்திற்று. முடிவுகள் ஏப்ரலில் வந்தபோது பெருந்தொகையானோர் தோல்வியுற்றிருந்தனர். பலருடைய முடிவுகள் முறைகேட்டு ஐயத்தின்பேரில் நிறுத்திவைக்கப்பட்டிருந்தன. முகத்தைத் திருப்பியதையும் அசைந்ததையும் கூடக் கணினி குற்றமாகக் கொண்டது என்று மாணவர் முறையிட்டனர். மே மாதத்தில் புதிய அரசின் உயர்கல்வி அமைச்சர் பொன்முடி மறுதேர்வு நடத்தப்படுமென்று அறிவிக்க வேண்டியதாயிற்று. அமெரிக்காவிலும் இதே வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. கிளீவ்லாண்டு அரசுப் பல்கலைக்கழகத்தில், தேர்வுக்கு முன் மாணவர் ஒருவரின் படுக்கையறையைக் காமிராவிற் சுற்றிக் காட்டச் சொன்னது அந்நாட்டு அரசியல் சட்டத்திற்கு முரணானது என்று ஒஹையோவின் கூட்டாட்சி நீதிபதி 2022 ஆகஸ்டில் தீர்ப்பளித்தார். படுக்கையறை என்று தனியாக ஓர் அறை உடையவர்க்கே அவ்வளவு மானக்கேடு என்றால், சமையலும் படுக்கையும் பூசையும் ஒரே அறையில் நடக்கும் வீட்டை யாரோ ஒருவருக்குச் சுற்றிக் காட்டும் பெண்ணின் நிலையை அன்பர்கள் எண்ணிப் பார்க்கவும். வீட்டிற் காமிரா வைத்தால் அளக்கப்படுவது பிள்ளையின் படிப்பன்று, வீட்டின் வாடகைதான். தேர்வுக் கூடத்திலோ நாற்காலியும் மேசையும் கணினியும் எல்லார்க்கும் ஒன்றே. நம் பிள்ளைக்கு அந்த மூன்று மணி நேரமாவது யாரும் குறுக்கிடாத ஓர் இடம் கிடைக்கிறது.

சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய இணையவழிப் பட்டப்படிப்பிலும் பாடங்கள் வீட்டில், தேர்வுகள் நேரில் என்பதே ஏற்பாடு. அது சரியான வழி என்றே நாம் கொள்கிறோம்.

ஆனால் கூடம் எங்கே இருக்கிறது என்பது சிறிய கேள்வியன்று. பெற்றோரின் முறையீடு இங்கேதான் முழு வலிமை பெறுகிறது. தேர்வுகள் சனி, ஞாயிறுகளில் நடக்கின்றன. காலைத் தேர்வு ஒன்பது மணிக்கு. ஒயிட்ஃபீல்டிலோ எலக்ட்ரானிக் சிட்டியிலோ மையம் விழுந்தால், ஞாயிற்றுக்கிழமைகளில் நம் மெட்ரோ ரயில் ஏழு மணிக்குத்தான் தொடங்குகிறது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். எட்டு மணிக்கு அங்கே நிற்க வேண்டுமென்றால் ஆட்டோதான் கதி. அந்தக் கட்டணம் தேர்வுக் கட்டணத்தையே எட்டிப் பிடிக்கும். நாம் பணிபுரியும் துறையிலும் இக்குறை உண்டு. 2025 மார்ச்சில் ரயில்வே உதவி ஓட்டுநர் பதவிக்கான இரண்டாம் கட்டத் தேர்வில், தமிழ்நாட்டு இளைஞர் பலர்க்குத் தெலங்கானாவில் மையம் ஒதுக்கிப் பெருங்கூச்சல் எழுந்தது. ஒருவனை நேரில் வா என்று அழைக்கும் உரிமை உடையவர், அவன் வந்து சேரக்கூடிய இடத்தில் கூடத்தை வைக்கும் கடமையும் உடையவர். ராஜாஜிநகர், மல்லேசுவரம் பகுதிகளிற் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவற்றின் கணினி அறைகள் பூட்டித்தான் கிடக்கின்றன. அவற்றைத் தேர்வு மையங்களாக்குமாறு கேட்பதுதான் தக்க கோரிக்கை; தேர்வை எடுத்துவிடச் சொல்லிக் கையெழுத்து வாங்குவதில் நாம் சேர மாட்டோம்.

கூடத்திற்கு வரவே இயலாதவர் சிலர் உளர் என்பதையும் மறைக்கவில்லை. உடற்குறை உடையவர், கைக்குழந்தையுடன் இருப்பவர், ஞாயிற்றுக்கிழமையும் ஷிப்டு உள்ளவர் ஆகியோர்க்கு மாற்று நாளோ, மனிதர் ஒருவர் நேரிற் பேசி மேற்பார்க்கும் வீட்டுத் தேர்வோ அளிப்பதில் நமக்கு மறுப்பில்லை. அது விலக்காக இருக்கட்டும்; விதியாக வேண்டா.

இனி, ஜனவரி, ஜூலைப் பருவங்களுக்குப் பெயர் கொடுக்கும் பிள்ளைகள் கவனிக்க வேண்டிய சில செய்திகள். என்.பி.டி.இ.எல். பாடத்திற்குப் பெயர் பதிவதும், தேர்வுக்குப் பதிவு செய்வதும் வெவ்வேறு. பாடத்திற்குப் பதிந்தாலே தேர்வுக்கும் பதிந்ததாக எண்ணி, பன்னிரண்டு வாரமும் படித்துவிட்டுத் தேர்வுக் கெடுவைத் தவறவிடுவோர் ஆண்டுதோறும் இருக்கின்றனர். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், உடற்குறை உடையோர் ஆகியோர்க்குக் கட்டணத்திற் பாதி சலுகை உண்டு. விண்ணப்பிக்கும்போதே சான்றினை இணைக்க வேண்டும், பிறகு கேட்டுப் பயனில்லை.

மற்றொன்று நம்மவர்க்கே உரிய சங்கடம். நம் பிள்ளைகளின் பெயர் கருநாடகப் பள்ளிச் சான்றில் ஒரு வகையாகவும் ஆதாரில் ஒரு வகையாகவும் இருக்கிறது. ஓரிடத்தில் தலைப்பெழுத்து முன்னே, ஓரிடத்திற் பின்னே. ஓரிடத்தில் தந்தை பெயர் முழுமையாக. நுழைவுச் சீட்டில் உள்ள பெயரும் கையிற் கொண்டு செல்லும் அசல் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒத்திருக்க வேண்டும்; வாயிலில் நிற்பவர்க்கு நம் தலைப்பெழுத்து வழக்கத்தை விளக்கிக்கொண்டிருக்க நேரமிராது. சங்க அலுவலகத்தில் சனிக்கிழமை மாலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை நாம் இருப்போம். ஆதாரையும் பள்ளிச் சான்றையும் எடுத்து வந்தால், விண்ணப்பத்தில் எந்தப் பெயரை எவ்வாறு எழுதுவதென்று உடனிருந்து பார்த்துச் சொல்கிறோம். அசல் தாள்களையே கொண்டு வரவும். கைப்பேசியிற் பிடித்த படத்தில் தலைப்பெழுத்தின் புள்ளி தெரிவதில்லை.