கிணற்றடியோடு போன பலம்

உரும்பிராயின் செம்மண் தோட்டங்களுக்கு ஒரு காலத்தில் துலா மிதித்துத்தான் நீர் இறைத்தார்கள். வீட்டுக் கிணற்றில் அள்ளியவர்கள் பெரும்பாலும் பெண்களே. பத்து லீற்றர் வாளி என்றால் பத்துக் கிலோ. ஒரு நாளில் அது எத்தனை தரம் மேலே வந்திருக்கும்! இன்று சுவிட்சைத் தட்டினால் தொட்டி நிறைகிறது. நல்லதுதான்; அந்தக் கஷ்டம் திரும்ப வேண்டுமென்று சொல்லவில்லை. ஆனால் கைக்கும் இடுப்புக்கும் இருந்த வேலையும் அதோடு போய்விட்டது. ஸுஜூதிலிருந்து எழ முழங்கால் விடாமல் கதிரையில் தொழுகிறவர்கள் கிழவிகள் மட்டுமல்லர்.

"வீட்டு வேலை போதாதா?" என்பீர்கள். அது களைப்பைத் தரும். தசை வலுப்பெறப் பாரம் வேண்டும். கிழமையில் இரண்டு நாளாவது அப்படிச் செய்யும்படி உலக சுகாதார நிறுவனம் 2020இல் கூறியது.

விலைகூடிய சப்பாத்தும் இரும்புக் குண்டும் வேண்டாம். உறுதியான கதிரையைச் சுவரோடு வைத்து, கை ஊன்றாமல் எட்டுத் தரம் எழுந்து அமருங்கள். முடியாவிட்டால் ஊன்றியே எழும்புங்கள். சுவரில் உள்ளங்கை பதித்து, நெஞ்சைக் கிட்டக் கொண்டுபோய்த் தள்ளுங்கள். தண்ணீர் நிறைந்த ஒரு லீற்றர் போத்தல் ஒரு கிலோ. கைக்கு ஒன்று போதும். மூச்சை அடக்காதீர்கள். இலகுவானதும் இரண்டு தரம் கூட்டுங்கள். முதல் நாளே ஐம்பது செய்து மறுநாள் படுத்துவிடுகிறவர்கள்தான் கைவிடுகிறார்கள். நெஞ்சுநோவு, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டுத் தொடங்குங்கள்.

வயது போய்விட்டதா? முள்ளியவளை அகிலத்திருநாயகி 2023இல் பிலிப்பைன்ஸில் நடந்த ஆசிய மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் தங்கம் வென்றபோது எழுபதைக் கடந்திருந்தார். மாமி சிரித்தால் அவருக்கும் ஒரு கதிரை போடுங்கள்.