கணக்குக் கேட்பவர் ஏன் அஞ்ச வேண்டும்?

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் பழவங்காடி கணபதிக்குத் தேங்காய் உடைத்துவிட்டுப் பத்மநாபசுவாமியைச் சேவிக்கப் போகிறவர்கள் ஏராளம். எடுத்த காரியம் தடைபடக் கூடாதே என்ற அந்தச் சிறு பயம் யாருக்கும் தீங்கு செய்வதில்லை. கோட்டைக்குள் இன்னொரு பயமும் இருக்கிறது. பத்மநாபசுவாமி கோயிலின் 'பி' நிலவறையைத் திறந்தால் திறப்பவர் குலமே அழியும், நாகங்கள் காவல் இருக்கின்றன, ஊருக்கே கேடு வரும் என்ற பேச்சு 2011 முதல் நாடெங்கும் பரவியிருக்கிறது. பக்தியில் பயத்துக்கு இடமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அது யாரைக் கட்டுப்படுத்த வேண்டியதோ அவரை விட்டுவிட்டு, கேள்வி கேட்பவர் பக்கம் திருப்பப்படுகிறது என்பதுதான் என் வாதம்.

நடந்ததை வரிசையாகப் பார்ப்போம். முன்னாள் ஐ.பி.எஸ். அதிகாரியும் வழக்கறிஞருமான டி.பி. சுந்தரராஜன் கோயிலுக்கு அருகிலேயே வாழ்ந்த பக்தர். கோயில் நிர்வாகம் ஒழுங்காக நடக்கவில்லை என்று அவர் நீதிமன்றம் போனார். 2011 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் நிர்வாகத்தை அரசு ஏற்க உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்து, நிலவறைகளில் இருப்பதைப் பட்டியலிடச் சொன்னது. ஜூன் இறுதியில் மற்ற அறைகள் திறக்கப்பட்டு, பொற்காசுகளும் ஆபரணங்களும் குவியலாக வெளிப்பட்டன. 'பி' அறையில் கம்பிக் கதவைத் திறந்தார்கள், அதன் பின்னிருந்த மரக் கதவையும் திறந்தார்கள். மூன்றாவதான இரும்புக் கதவு இறுகிப்போய் அசையவில்லை. பூட்டைத் திறக்க ஆள் தேட வேண்டிய சாதாரணச் சிக்கல் அது. ஜூலை 17-ல் சுந்தரராஜன் காய்ச்சலுக்குப் பின் காலமானதும் அந்தக் கதவு சாபக் கதவாகிவிட்டது. தெய்வத்தின் விருப்பத்தை அறிய ஆகஸ்டில் நடந்த சோதிடக் கணிப்பான தேவப்பிரசன்னமும் அறையைத் திறப்பது ஆகாது என்றே சொன்னது. எழுபது வயதில் ஒருவர் இறப்பது அதிசயமில்லை. எகிப்தில் துட்டன்காமன் கல்லறையைத் திறந்தபோதும் இதே கதைதான் கிளம்பியது. பணம் போட்ட கார்னர்வன் பிரபு 1923-ல் சில வாரங்களில் இறந்ததை உலகம் இன்றும் பேசுகிறது. கல்லறைக்குள் ஆண்டுக்கணக்கில் வேலை செய்த ஹோவர்ட் கார்ட்டர் 1939 வரை வாழ்ந்ததை யாரும் பேசுவதில்லை.

இந்தப் பயத்தை உலுக்கியது நாத்திகர் எவரும் அல்லர், ஒரு தணிக்கையாளர். உச்ச நீதிமன்றம் நியமித்த முன்னாள் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் வினோத் ராய், 1990-க்குப் பிறகு 'பி' அறை குறைந்தது ஏழு முறை திறக்கப்பட்டிருக்கிறது என்று அறிக்கை தந்தார். திறக்கப்பட்டது முன்னறை மட்டுமே, உள்ளறையை யாரும் தொடவில்லை என்பது கோயிலை நிர்வகித்துவந்த திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் பதில். அதை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. சாவி வைத்திருப்பவர் முன்னறை வரை போய்வரலாம், எந்தக் கேடும் இல்லை. நீதிமன்றத்தின் ஆள் பட்டியலோடு வந்தால்தான் கேடு வருமா? 769 தங்கக் குடங்கள், சுமார் ரூ.186 கோடி பெறுமானமுள்ளவை, கணக்கில் வரவில்லை என்றும் வினோத் ராயின் தணிக்கை சொன்னது. பெருமாள் சொத்து காணவில்லை என்ற செய்திக்கு, பிரசன்னத்துக்கு எழுந்த பரபரப்பில் பாதிகூட எழவில்லை.

"சிவன் சொத்து குலநாசம்" என்று நம் ஊர்களில் சொல்வார்கள். கோயில் நிலத்தை அனுபவிப்பவர், உண்டியலைத் தொடுபவர், நகைப் பெட்டியின் சாவியை இடுப்பில் செருகியிருப்பவர் ஆகியோர் கை நடுங்கட்டும் என்பதற்காகவே அந்தச் சொலவடை. அதற்காகப் பக்தியெல்லாம் அச்சம்தான் என்றாகிவிடாது. அச்சமே மதத்தின் அடித்தளம் என்று 1927-ல் லண்டனில் தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் பேசினார். தமிழ்ப் பக்தி மரபை அறிந்தவர் அதை முழுதாக ஏற்க முடியாது. மன்னன் ஏவிய யானை முன்னாலும், சுண்ணாம்புக் காளவாயிலும் அஞ்சாமல் நின்றவராகத்தான் பெரியபுராணம் திருநாவுக்கரசரைக் காட்டுகிறது. அந்த அஞ்சாமை ஈசன் மேல் வைத்த அன்பிலிருந்து வந்தது.

அந்தக் குலநாசப் பயம்தானே இத்தனை காலமும் கோயில் செல்வத்தைக் காத்தது என்பார்கள். இந்த வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு, மறுக்க மாட்டேன். ஆனால் பயம் மட்டும் காவலுக்குப் போதாது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலின் சோழர் கால நடராஜரைத் திருடியவர்களை எந்தக் குலநாசப் பயமும் தடுக்கவில்லை. 2008-ல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் அதைச் சுமார் 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ஆவணத்தில் அந்தச் சிலையின் புகைப்படம் இருந்ததால்தான் நம்முடையது என்று நிரூபிக்க முடிந்தது; 2014-ல் நடராஜர் திரும்பி வந்தார். பத்மநாபசுவாமி கோயிலிலும் 2011-க்குப் பிறகு இரவுபகலாகக் காவல் நிற்பது கேரளப் போலீஸ்தான்.

நம்பிக்கையில் நீதிமன்றம் தலையிடலாமா என்ற கேள்வி இதைவிட நியாயமானது. அதற்கும் இதே கோயிலின் வரலாறு விடை வைத்திருக்கிறது. தாழ்த்தப்பட்டோர் நுழைந்தால் தீட்டு, தெய்வ சான்னித்தியம் குறையும் என்று திருவிதாங்கூர் முழுக்க அஞ்சினார்கள். அதுவும் சாஸ்திரத்தின் பெயரால் சொல்லப்பட்ட பயமே. 1936 நவம்பர் 12 அன்று சித்திரைத் திருநாள் மகாராஜா ஆலயப் பிரவேசப் பிரகடனம் செய்தார். பெருமாள் சயனம் கலையவில்லை. சேவிக்க வருவோர் கூட்டம்தான் பெருகியது. வழக்கத்தை மாற்றத் துணிந்தவர் தம்மைப் பத்மநாப தாசர் என்று சொல்லிக்கொண்ட மன்னர் என்பதை மறக்கக் கூடாது.

2020 ஜூலை 13-ல் உச்ச நீதிமன்றம் அரச குடும்பத்தின் நிர்வாக உரிமையை உறுதிசெய்து, 'பி' அறையைத் திறப்பதா வேண்டாமா என்பதைக் கோயில் குழுக்களிடமே விட்டது. முடிவு இழுபட்டுக்கொண்டே இருக்கிறது. திறக்காமல் விடுவதற்கும் தக்க காரணங்கள் இருக்கலாம். பழைய கட்டடம் தாங்குமா என்பது ஒன்று. பொறியாளர்களை அழைத்துக் கேட்கலாம். மூலவருக்கு அருகில் உள்ள இடம் என்ற ஆசார மரியாதை இன்னொன்று. தந்திரியிடம் கேட்டு அதைப் பதிவு செய்யலாம். எந்தக் காரணமானாலும் குழு அதை எழுத்தில் வைத்துப் பக்தர்கள் படிக்கும்படி வெளியிட வேண்டும். அத்துடன், திறந்த அறைகளில் இருந்தவற்றின் பட்டியலையும், காணாமல் போனதாகத் தணிக்கை சொன்ன குடங்களுக்கான பதிலையும் வெளியிட வேண்டும்.