வேர் ஒரு வீடு, கிளை ஒரு வீடு

மயிலாப்பூரில், குளத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு சந்தில், சென்ற மாதம் ஒரு பஞ்சாயத்துக்குப் போகும்படி நேர்ந்தது. வாதி ஒரு மாமி. பிரதிவாதியும் ஒரு மாமிதான். நடுவில் நின்றது ஒரு மாமரம். வேர் ஒரு மாமியின் கொல்லையில். பாதிக் கிளைகள் அடுத்த மாமியின் மொட்டை மாடிக்கு மேல்.

"காய்க்கிறப்போ மட்டும் அது அவாத்து மரம். சருகு விழுந்து மாடியிலே தண்ணி தேங்கினா பகவான் வெச்ச மரம்!" என்றார் ஒருவர்.

"முப்பது வருஷமா மாவடு வாங்கிண்டு போனப்போ மரம் கசக்கலையே?" என்றார் மற்றவர்.

சிரிக்காதீர்கள், வாசகிகளே! உங்கள் மதிலுக்கு மேலும் ஒரு முருங்கையோ தென்னையோ எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். தியாகராய நகரில் பங்களாக்கள் அடுக்கு மாடிகளாகிவிட்ட பிறகு, ஒரு மரத்தோடு பதினாறு குடித்தனங்கள் வழக்காட வேண்டியிருக்கிறது!

சட்டம் என்ன சொல்லுகிறது? 1894-ல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை ஒரு தீர்ப்புச் சொல்லிற்று. உங்கள் இடத்துக்கு மேல் நீண்ட கிளையை, பக்கத்து இடத்தில் கால் வைக்காமல் நீங்கள் வெட்டிக்கொள்ளலாம். எத்தனை வருஷமாக நீண்டிருந்தாலும் மரக்காரருக்கு அதனால் பாத்தியதை வந்துவிடாது. நம் நாட்டு நீதிமன்றங்களும் பெரும்பாலும் இந்த வழியையே பின்பற்றியிருக்கின்றன. ஆனால் வெட்டிய கிளையின் காய் உங்களுடையது அல்ல! 1919-ல் ஓர் ஆப்பிள் மரத்து வழக்கில், கிளையை வெட்டிப் பழத்தையும் எடுத்துக்கொண்டவர் தோற்றுப்போனார். தெருவோர மரமோ மாநகராட்சியைச் சேர்ந்தது. அதில் நாமாக அரிவாளை வைக்கக் கூடாது. 1913 என்ற எண்ணுக்குப் போன் செய்து சொல்ல வேண்டும்.

சருகும் மாவடுவும் போகட்டும். மரம் சாய்ந்தால்? 2016 டிசம்பர் 12-ந் தேதி வர்தா புயல் நம் ஊரில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்ததை யார் மறக்க முடியும்? புயலே இல்லாத 2022 ஜூன் மாதத்தில், கே.கே. நகரில் ஒரு மரம் காரின் மேல் விழுந்து ஒரு பெண்மணியின் உயிரைக் கொண்டுபோயிற்று.

1975-ல் ராஜ்கோட்டில் ஆபீசுக்கு நடந்து போய்க்கொண்டிருந்த ஒருவர் மேல் சாலையோர மரம் விழுந்தது, அவர் இறந்துபோனார். அவருடைய மனைவி மாநகராட்சியின் மேல் நஷ்ட ஈட்டு வழக்குப் போட்டார். கீழே ஜயித்த அந்த வழக்கு, 1997-ல் சுப்ரீம் கோர்ட்டில் தோற்றது. ஊரிலுள்ள மரங்களையெல்லாம் ஓயாமல் சோதித்துக்கொண்டிருக்க முடியாது, இப்படி விழும் என்று முன்கூட்டி ஊகிப்பதும் கடினம் என்பது கோர்ட்டின் அபிப்பிராயம். இருபத்திரண்டு வருஷம் காத்திருந்த குடும்பத்துக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

இதிலிருந்து நமக்கு ஒன்று விளங்குகிறது. 'தெரியாது' என்பது பெரிய கேடயம். ஆகவே பட்டுப்போன கிளையைக் கண்டால், மரக்காரருக்குத் தெரியும்படி செய்துவிட வேண்டும். முதலில் வாயால், பிறகு தேதி போட்டு ஒரு கடிதம், கூடவே ஒரு போட்டோ. அதற்கும் அசையாவிட்டால், விழும் நிலையிலுள்ள மரத்தை அகற்றவோ முட்டுக் கொடுக்கவோ உத்தரவிட மாஜிஸ்ட்ரேட்டுக்கு அதிகாரம் உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133-வது பிரிவாக இருந்த அது, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 152-வது பிரிவாக இருக்கிறது.

மயிலாப்பூர்ப் பஞ்சாயத்து என்ன ஆயிற்று என்கிறீர்களா? ஒரு மணி நேரம் மாவடுவும் சருகும் பேசித் தீர்ந்த பிறகுதான், மாடி வீட்டு மாமி மெதுவாக வாய் திறந்தார். பெரிய கிளையின் கவட்டில் விரிசல் விட்டிருக்கிறதாம். அதற்கு நேர் கீழே ஓட்டுக் கூரை போட்ட ஓர் அறை. அதில்தான் பேத்தி இரவில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படிக்கிறாளாம்.

மரத்து மாமியின் முகம் வெளிறிவிட்டது. "இதை ஏன் முன்னாலேயே சொல்லலை?"

"நாம பேசிக்கறதை நிறுத்தித்தான் ரெண்டு வருஷம் ஆச்சே!"

மறுநாள் காலை ஆள் வந்தான். கூலியில் ஆளுக்குப் பாதி. விரிசல் விட்ட கிளையை மட்டும் எடுத்து, மற்றவற்றை இரு பக்கமும் எடை சரியாக இருக்கும்படி கழித்தார்கள். ஒரே பக்கம் மொட்டையடித்தால் மரம் மறுபக்கம் சாயப் பார்க்குமல்லவா?

ஐப்பசி அடைமழைக்கு முன்னால் நீங்களும் ஒரு நாள் மாடிக்குப் போய் அண்ணாந்து பாருங்கள். விரிசல் கண்ணில் பட்டால், அரிவாளைத் தேடுவதற்கு முன் மதிலுக்கு அப்பால் குரல் கொடுங்கள்.