தென்துருவக் கடலும் சிவகங்கைப் பாறையும்

நாம் நிற்கும் நிலம் அசையாதது என்பது மக்கள் அனைவர்க்கும் பிறவியிலேயே வாய்த்த நம்பிக்கை. பொறுமைக்கு உவமை கூறவேண்டின் நிலத்தையே எடுத்துக் கூறுதல் நம் முன்னோர் வழக்கு. ஆயினும், அந்நிலம் ஆண்டொன்றுக்குச் சற்றேறக்குறைய 5 செண்டிமீட்டர் வீதம் வடகிழக்கு நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கின்றது என இக்காலத்து நூலோர் அளந்து கூறுகின்றனர். நம் விரலின் நகம் வளரும் விரைவினும் இது சிறிது மிகுதியாம். இந்நகர்ச்சியின் பழைய வரலாற்றை அறிதற்கு உற்ற வழிகளுள் ஒன்று, துருவக் கடல்களின்மேல் ஆகாய விமானத்தைச் செலுத்திக் காந்த விசையை அளத்தலாகும். அவ்வாராய்ச்சி செட்டிநாட்டு மாணவர்க்கும் உரியதே என்பதும், நம் நாடு அதனை ஊக்கத்துடன் மேற்கொள்ளல் வேண்டும் என்பதும், அதன் முடிவுகள் யாவர்க்கும் திறந்து வைக்கப்படல் வேண்டும் என்பதும் ஈண்டு நாம் வற்புறுத்தக் கருதியவை.

துருவம் எங்கே, காரைக்குடி எங்கே என்று நகைப்பாரும் உளராகலாம். அன்னார் சிவகங்கைப் பக்கத்து நிலத்தை ஒருமுறை உற்று நோக்குவாராக. அங்கே மிகப் பழைய பாறைகளின்மேல் உருண்டைக் கற்கள் செறிந்த படுகைகளும், மணற்கல்லும், களிக்கல்லும் அடுக்கடுக்காகப் படிந்துள்ளன. நிலநூலார் இவற்றைச் சிவகங்கைப் படிவுகள் என நம் ஊர்ப் பெயராலேயே வழங்கி, மேற் கோண்டுவானா வகுப்பினுட் சேர்ப்பர். டிலோஃபில்லம் முதலிய, இன்று உலகில் இல்லாத செடிகளின் இலைப்பதிவுகள் இவற்றுட் காணப்படுகின்றன. இந்தியாவும் இலங்கையும் அண்டார்க்டிகாவும் ஒரே நிலமாய்க் கூடியிருந்து, சற்றேறக்குறைய 13 கோடி ஆண்டுகளுக்கு முன்னர்ப் பிரியத் தொடங்கிய காலத்து, பிளவின் ஓரமாகத் தாழ்ந்த பள்ளங்களில் ஆறுகள் கொணர்ந்து கொட்டிய கல்லும் மண்ணுமே இவை. இன்று காவிரிப் படுகை எனப்படும் பெரும் பள்ளத்தின் மேற்கு விளிம்பு நம் மாவட்டத்தில் உள்ளது. எனவே, இப்படிவுகளை நம் நிலம் தென்துருவ நிலத்தோடு செய்துகொண்ட பாகப்பிரிவினைப் பத்திரம் எனலாம். பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் உள்ள சார்னோகைட் என்னும் கருங்கல்லை ஒத்த பாறை அண்டார்க்டிகாவின் கீழைப் பகுதியிலும் காணப்படுவது அப்பழைய உறவுக்கு மற்றொரு சான்று.

பத்திரத்தில் ஒரு படி நம்மிடம் உளது. மற்றொரு படி கடலடியில் உளது. அதனைப் படிக்கும் முறை யாதெனில், கூறுவாம். கடலின் நடுவே நீண்டு செல்லும் மலைத்தொடர்களின் உச்சியில், நிலத்தின் உள்ளிருந்து உருகிய பாறைக் குழம்பு எழுந்து உறைகின்றது. அதனுள் அடங்கிய காந்தக்கல் துகள்கள், உறையும் வேளையில், அக்காலத்து நிலக்காந்தம் எத்திசையை நோக்கியதோ அத்திசையையே தாமும் ஏற்று நிலைபெறுகின்றன. நிலக்காந்தமோ காலந்தோறும் தலைகீழாய் மாறும் இயல்புடையது. கடைசி மாற்றம் நிகழ்ந்து ஏறத்தாழ 7,80,000 ஆண்டுகள் ஆகின்றன. மலைத்தொடரின் இருமருங்கும் புதுப்பாறை விலகி விலகிச் செல்லுதலால், நேர்க்காந்தமும் எதிர்க்காந்தமுமாகப் பட்டை பட்டையாய்க் கடலடி அமைகின்றது. பேரேட்டிலே பற்றும் வரவும் எதிரெதிர்ப் பக்கங்களில் ஒத்துச் செல்லக் கண்டு பழகிய நம்மவர்க்கு இதனை விரித்துரைத்தல் வேண்டா. ஒரு பட்டையின் அகலத்தையும் அதன் வயதையும் அறிந்தால், நிலம் எவ்வளவு விரைவாக விலகியது என்பதனைச் சிறுபிள்ளையும் கணக்கிட்டு விடும். இவ்வுண்மையை 1963-இல் வைன், மாத்யூஸ் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் வெளியிட்டனர். அவர்கள் சான்றாகக் கொண்டது 1962-இல் 'ஓவன்' என்னும் கப்பல் நம் அரபிக்கடற் பக்கத்துக் கார்ல்ஸ்பர்க் மலைத்தொடரின்மேல் எடுத்த அளவையே என்பது நாம் நினைவிற் கொள்ளத்தக்கது.

கப்பல் செல்லும் கடலில் கப்பலே போதும். துருவக் கடலோ ஆண்டின் பெரும்பகுதி பனிப்பாறையால் மூடுண்டது. கப்பல் நேர்வழி விட்டுப் பனியின் இடைவெளி கண்ட வழியெல்லாம் வளைந்து செல்லுமாயின், ஒழுங்கான கோடுகளாக அளத்தல் இயலாது. காந்தவிசைக்கு அத்தடை இல்லை. நீரையும் பனியையும் ஊடுருவி அது மேலே வருகின்றது. இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல்களை வானிலிருந்து கண்டறிதற்கென அமைக்கப்பட்ட காந்தமானியே பின்னர் இந்நற்பணிக்கு உதவிற்று. வடதுருவக் கடலில் 1,800 கிலோமீட்டர் நீளமுள்ள காக்கெல் மலைத்தொடர் பனிக்கடியிலே மறைந்து கிடக்கின்றது. ருஷியரும் அமெரிக்கரும் விமானங்களிலிருந்து அளந்த காந்தப்பட்டைகளாலேயே, அத்தொடரில் நிலம் ஆண்டுக்கு 1 செண்டிமீட்டர் அளவிலேதான் விலகுகின்றது என்பதும், உலகின் கடல்மலைத் தொடர்களுள் மிக மெல்ல விலகுவது அதுவே என்பதும் புலனாயின.

இவ்வேலை எளிதன்று. துருவப் பக்கத்தில் நிலக்காந்தத்தின் முழு வலிமை 60,000 நானோடெஸ்லா அளவினது. கடலடிப் பட்டைகள் அதிற் செய்யும் மாறுதல் சில நூறேயாம். துருவ ஒளி தோன்றும் இரவுகளில் வானத்து மின்னோட்டங்களே அதனினும் பெரிய அலைப்பை உண்டாக்கிவிடும். ஆதலின், விமானம் பறக்கும்போதே தரையில் மற்றொரு கருவியை நிலையாக வைத்து, வானத்தின் பங்கைக் கழித்தல் வேண்டும். இக்கழித்தற் கணக்கின் அருமையைத் தமிழ்நாட்டார் நன்கு அறிவர். நம் தென்பகுதி காந்த நடுக்கோட்டை அடுத்திருத்தலின், பகற்பொழுதில் நம் தலைக்குமேல் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில் மின்னோட்டம் ஒன்று ஆறுபோல் ஓடுகின்றது. திருநெல்வேலியை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் இந்தியக் காந்தவியல் நிறுவனத்தார் அதனை ஆராய்கின்றனர். துருவத்துக்கும் நமக்கும் உள்ள தொலைவு பெரிதே. ஆயினும் இரண்டிடத்தும் கற்கவேண்டிய பாடம் ஒன்றே.

இனி, நம் நிலத்தின் கதை துருவக் கடலில் ஏன் தேடப்படல் வேண்டும் என்பதற்குக் காரணம் மூன்று. வங்கக் கடலின் அடித்தளத்தைக் கங்கையும் பிரமபுத்திராவும் கொணர்ந்த வண்டல் பல கிலோமீட்டர் ஆழத்திற்கு மூடிவிட்டமையின், அங்கே காந்தப்பட்டைகள் மங்கித் தோன்றுகின்றன; அவற்றின் வயதைப் பற்றி அறிஞரிடையே இன்றும் வழக்கு உண்டு. இது முதற் காரணம். ஏறத்தாழ 12 கோடி ஆண்டு முதல் 8 கோடியே 30 இலட்சம் ஆண்டு வரையுள்ள காலத்தில் நிலக்காந்தம் தலைகீழாக மாறவே இல்லை. அக்காலத்துக் கடலடியில் பட்டையும் இல்லை. ஆகவே பிரிவின் தொடக்கத்தை அறிய அதற்கும் முற்பட்ட பட்டைகளையே நாடல் வேண்டும். அவை கரையை ஒட்டியே இருத்தல் கூடும். இது இரண்டாவது. கடல்மலைத் தொடர் ஒருகால் தன் இடம் விட்டு வடக்கே தாவியது என்றும், அதனால் நம் பக்கத்துப் பழங்கடலடியின் ஒரு பங்கும் அண்டார்க்டிகாவின் பக்கமே தங்கிவிட்டது என்றும் பலர் கருதுகின்றனர். 1998-99-இல் தென்கடலின் கெர்கலன் மேட்டை அடுத்த எலான் திட்டில் துளையிட்ட ஆராய்ச்சிக் கப்பலார், கடற்பாறைகளின் இடையே கண்டப்பாறையின் உருண்டைக் கற்களை எடுத்தனர். அவை நம் கீழைமலைத் தொடரின் பாறைகளை ஒத்துள்ளன என்பர். இந்தியாவின் சிறு துண்டு ஒன்று தென்கடலிலே தனித்து நிற்கின்றது போலும்! இது மூன்றாவது.

இலங்கைக்கு ஒருகாலத்து அயலாயிருந்த ஷோவா நிலையப் பகுதியில், 2006-ஆம் ஆண்டு ஜப்பானியரும் ஜெர்மானியரும் கூடி விமானத்திலிருந்து காந்தத்தையும் நிலவீர்ப்பையும் பனியின் பருமனையும் அளந்தனர். நம் நாட்டுக்கோ 1989 முதல் மைத்ரியும், 2012 முதல் பாரதியும் அக்கண்டத்தில் நிலையங்களாக உள்ளன. பாரதி நிலையம் நிற்கும் பிரிட்சு விரிகுடாப் பக்கம் நம் கீழ்க்கரையோடு முன்னர் ஒட்டியிருந்த பகுதியேயாம். வீடும் வாசலும் அங்கே அமைத்துக்கொண்ட நாம், முற்றத்துக் கடலை அளவாது விடுதல் தகுமோ?

ஊரணி வற்றிக் கிடக்கும் நாட்டில் துருவத்திற் பணம் செலவிடுவதோ எனச் சிலர் வினவுவர். இவ்வினாவை நாம் எளிதாகத் தள்ளுதல் ஆகாது. மழை பொய்த்த ஆண்டுகளை நம் சீமை அறியும். ஆயின், வானிலிருந்து நிலத்தினுள் நோக்கும் கலை ஒன்றேயாம். துருவத்தில் பழகிய கண்ணே ஊரிலும் உதவும். பாறையினுட் செல்லும் பிளவுகளும் கற்சுவர்களுமே நம்மனைய வன்பாறை நிலத்தில் நிலத்தடி நீரின் போக்கை நடத்துவன. காந்த அளவை அவற்றைக் காட்டும். ஹைதராபாத்தில் 1961-இல் நிறுவப்பெற்ற தேசிய நிலப்பௌதிக ஆராய்ச்சி நிலையத்தார், 2021 முதல் வடமேற்கு மாநிலங்களில் ஹெலிகாப்டரில் மின்காந்தக் கருவியைத் தொங்கவிட்டு நீரைத் தேடினர் என்பதனையும் அறிக. ஒன்றைக் கற்றவர் மற்றொன்றைச் செய்வர். ஒன்றையும் கல்லாதவர் இரண்டற்கும் அயலாரை எதிர்நோக்குவர்.

இதனினும் ஆழ்ந்த ஐயம் ஒன்று உண்டு. கடலடியின் வரலாற்றைக் காட்டும் படமே, எங்கே தாதுவும் எண்ணெயும் புதைந்துள்ளன என்பதற்கும் குறிப்பாகலாம். அறிவின் பெயரால் ஆசை நுழைதல் உலகில் புதிதன்று. 1991-இல் மாட்ரிட் நகரில் கையெழுத்தான உடன்படிக்கை, ஆராய்ச்சி ஒழிந்த கனிமத் தொழில் அனைத்தையும் அண்டார்க்டிகாவில் விலக்கியுள்ளது; நம் நாடும் 2022-இல் அதற்கெனச் சட்டம் இயற்றிற்று. விலக்கு நிலைபெற வேண்டின், அளவைகள் மறைபொருளாகக் கூடா. 1959-இல் எழுந்த அண்டார்க்டிகா உடன்படிக்கையே ஆராய்ச்சி முடிவுகளைப் பரிமாறிக்கொள்ளல் வேண்டும் எனக் கூறுகின்றது. பல நாட்டார் அளவைகளை ஒன்றுகூட்டி அக்கண்டத்தின் காந்தப்படம் 2001-இலும், விரிவாக 2018-இலும் வெளியிடப்பெற்றமை நல்வழிகாட்டியாகும். இந்தியர் எடுக்கும் ஒவ்வொரு கோட்டின் அளவும் அத்தகைய பொதுக்களஞ்சியத்தைச் சேர்தல் வேண்டும். பூட்டிய பெட்டியில் உறங்குமாயின் விமானம் பறந்தும் பறவாததே.

நம் கல்லூரியும் நம் ஊரும் செய்யத்தக்கன சில உள. சிவகங்கைப் படிவுகள் வெளிப்பட்டுத் தோன்றும் இடங்களைப் பௌதிக மாணவரும் தாவரநூல் மாணவரும் ஆண்டுக்கொருமுறை சென்று கண்டு, படமெடுத்து, குறித்து வைத்தல் வேண்டும். சாலைக்கும் கட்டடத்துக்கும் கல் வேண்டும் என்று அவை முற்றும் வெட்டப்படின், மீண்டும் உண்டாக்கித் தருவார் எவருமிலர். ஆதலின் சிலவிடங்களையேனும் காத்துத் தருமாறு அரசினரை வேண்டுதல் நம் கடன். விலை மிகாத காந்தமானி ஒன்றைக் கல்லூரியில் நிறுவி, நாள்தோறும் காந்தம் ஏறி இறங்குதலை மாணவரே எழுதி வருவாராயின், பாடநூல் பத்துப் படித்தலினும் பயன் மிகும். இப்பொருள்களை நல்ல தமிழில் எழுதும் பழக்கமும் வளர்தல் வேண்டும்.

காரைக்குடிக்கு இத்தகைய முயற்சி புதிதன்று. 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் அழகப்பச் செட்டியார் அளித்தமையாலன்றோ, 1948-இல் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்ட, 1953-இல் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இவ்வூரில் திறக்கப்பெற்றது! அன்று அவர் கொடுத்த கொடையின் பயனை உடனே கண்ணாற் காணல் இயலாது, பின்வந்தோர் கண்டனர். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கலம் ஏறிச் சென்ற மக்களின் வழித்தோன்றல்களுக்குத் தென்கடல் அச்சம் தருவதன்று. இவ்வாண்டு கல்லூரியை விட்டுச் செல்லும் மாணவருள் ஒருவரேனும் அக்கடலின்மேற் பறந்து, நம் நிலம் பிரிந்த நாளைக் கணக்கிட்டுத் தமிழில் எழுதித் தருவாராக. அவ்வெழுத்தை இவ்விதழின் பக்கங்களில் அச்சிடக் காத்திருக்கின்றோம்.